பழைய லேத் செப்பனிடல்

தேய்ந்துபோன கடைசல் இயந்திரத்தைப் பிரித்துச் சீர்செய்து, அதன் துல்லியத்தை மீட்கும் பணி. கரும்பும் நெல்லும் மணிலாக்கொட்டையும் விளையும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பம்புசெட் தண்டும் புஷ்ஷும் கடைந்து தர லேத் பட்டறை வேண்டும். இந்திய லேத்துகளில் பெயர்பெற்றவை பெங்களூரின் எச்.எம்.டி. தயாரிப்புகள். அந்நிறுவனம் 1953இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவன ஒத்துழைப்போடு தொடங்கப்பட்டது.

பழைய லேத்தில் முதலில் பார்க்க வேண்டியது பெட் எனப்படும் அடித்தளம். பெரும்பாலான வேலை, பொருளைப் பிடிக்கும் சக் பக்கமே நடப்பதால் அங்கேதான் தேய்மானம் அதிகம். எதிர்முனையான டெயில்ஸ்டாக் பக்கம் ஏறத்தாழப் புதிதாகவே இருக்கும். சமதளப் பலகையில் நீலச் சாயம் தடவி, பெட்டின்மேல் வைத்துத் தேய்த்தால் மேடான இடங்களில் சாயம் ஒட்டும். அவற்றை ஸ்கிரேப்பரால் சுரண்டி, மறுபடி சாயம் வைத்துப் பார்க்க வேண்டும். சாயப்புள்ளிகள் தளமெங்கும் சீராகப் பரவும்வரை இது தொடரும். பொறுமையற்றவர் கைக் கிரைண்டரைப் பெட்டின்மேல் ஓட்டினால், எஞ்சியிருக்கும் துல்லியமும் போய்விடும். செப்பனிட்ட லேத்தை ஓட்ட வீட்டில் ஒற்றைப் பேஸ் மின்சாரம் மட்டுமே இருந்தால், மூன்று பேஸ் மோட்டாருக்கு வி.எஃப்.டி. (மாறு அதிர்வெண் இயக்கி) பொருத்தலாம்.

மரக்காணம் உப்பளப் பக்கம் உப்புக்காற்று வார்ப்பிரும்பை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் இரும்புத்தூளைத் துடைத்து, பெட்டில் எண்ணெய் பூசுவது கட்டாயம்.