உடைமையும் உறவும்: சென்னை – திருவள்ளூர் வட்டாரத்தில் தெருநாய்க் கொள்கையின் வரலாறு (1860–2025)

ஆய்வுச்சுருக்கம்

சென்னையில் தெருநாய் குறித்த அரசுக் கொள்கை, தொடக்கம் முதலே நாயை உரிமையாளர் உடையது, உரிமையாளர் அற்றது என இரண்டாகப் பகுத்தே நோக்கி வந்துள்ளது. மக்கள் வழக்கிலோ இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது நிலை ஒன்று உண்டு. ஒருவர்க்கும் உடைமையாகாமல் ஒரு தெருவுக்கோ ஆலை வாயிலுக்கோ உறவாகி வாழும் நாயின் நிலை அது. கொல்லுதல், கருத்தடை செய்து மீள விடுதல், காப்பகத்தில் வைத்தல் என மாறிவந்த கொள்கையின் படிநிலைகளை இக்கட்டுரை விளக்குகின்றது. காப்பக நாய்க்கு வீடு தேடும் முயற்சி தனிமனித இரக்கத்தின் பொறுப்பாகவே நின்றுவிட்டதன் காரணத்தையும் ஆராய்கின்றது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதி இதற்குக் களமாகக் கொள்ளப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: தெருநாய், நாட்டு நாய், காப்பகம், தத்தெடுப்பு, கும்மிடிப்பூண்டி, புளூ கிராஸ்

முன்னுரை

விலங்குகளைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கியச் சான்றுகளோடு நிறைவுறுகின்றன. ஞமலி, ஞாளி முதலிய பழஞ்சொற்களைத் தொகுத்துரைக்கும் கட்டுரைகள் பல உள்ளன. நகராட்சி, நீதிமன்றம், காப்பகம் ஆகியவற்றின் வழியே நாயின் வரலாற்றை அணுகிய ஆய்வுகள் குறைவு. ஒரு காப்பகத்தின் கூண்டில் வீடு கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும் நாய், இன்றைய செய்தியாக மட்டுமே காணப்படுகின்றது. அது ஒரு நீண்ட நிருவாக வரலாற்றின் விளைவு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பெயர் பெற்ற நாய்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் இவ்வாய்வுக்குத் தொடக்கமாக அமையத்தக்கது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், ஆநிரையின் பொருட்டு உயிர்நீத்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்தது என்றும் கல்லெழுத்து தெரிவிக்கின்றது.

இங்குக் கருதத்தக்கது நாயின் வீரம் மட்டுமன்று. ஏழாம் நூற்றாண்டு ஊர் ஒன்று தன் நாய்க்குப் பெயர் வைத்திருந்தது. அப்பெயரைக் கல்லில் பொறிக்கத் தக்கதாகவும் கருதியது. நாய்க்குப் பெயர் இருப்பது, அதை அழைக்க ஒருவர் இருப்பதற்குச் சான்று. பின்வந்த ஆவணங்களில் நாய்கள் எண்ணிக்கையாகவே இடம்பெறுகின்றன.

பெயர் இழந்த நாய்

ஆங்கிலேயர் ஆட்சியில் தெருநாய்க்குக் கிடைத்த பெயர் தனியே ஆராயத்தக்கது. உரிமையாளரற்ற இந்திய நாயை ஆங்கில நூல்கள் ‘பரையா டாக்’ என்றன. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ சொற்களஞ்சியம் இவ்வழக்கைப் பதிவு செய்துள்ளது. தமிழகத்து மக்கட்பிரிவு ஒன்றன் பெயர் முதலில் ‘விலக்கப்பட்டவர்’ என்னும் பொதுப்பொருள் ஏற்றப்பட்டு ஆங்கிலத்தில் வழங்கியது. பின்னர் அதுவே தெருநாய்க்கு அடைமொழியாயிற்று. மனிதரை இழிவுபடுத்திய சொல்லால் விலங்கு குறிக்கப்பட்டது. விலங்குக்கு ஆன சொல்லால் மனிதர் மீண்டும் இழிவுற்றனர். யாருக்கும் உரியதல்லாதது தூய்மையற்றது, அகற்றத்தக்கது என்னும் எண்ணம் இச்சொல்லாட்சியின் அடியில் உள்ளது. நாயின வகைப்பாட்டில் அச்சொல் இன்றளவும் நீடிக்கின்றது.

நகர நிருவாகமும் இவ்வெண்ணத்தையே பின்பற்றியது. பம்பாயில் 1832இல் தெருநாய்களைக் கொல்லும் நடவடிக்கையை எதிர்த்துப் பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நாயைத் தம் சமயத்தில் மதிப்புக்குரியதாகக் கொண்டவர்கள் அவர்கள். சென்னையில் நகராட்சி நிருவாகம் நாய்களைப் பிடித்துக் கொல்லும் முறையை 1860இல் தொடங்கியதாகப் புளூ கிராஸ் அமைப்பின் பதிவுகள் கூறுகின்றன. இம்முறையில் நாயின் உயிரைக் காத்தது அதன் இயல்பன்று, அதற்கு உரிமையாளர் இருந்தார் என்பதற்கான அடையாளமே.

இக்கொள்கைக்குப் பின்னே மெய்யான அச்சமும் இருந்தது. வெறிநோய் கண்டபின் பிழைத்தல் அரிது. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் இளம்பெண் வெறிநோயால் இறந்தார். அதனையொட்டி எழுந்த முயற்சியால் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தோன்றியது. தெருநாயின் வரலாற்றை எழுதுவோர் இவ்வச்சத்தைப் புறக்கணித்தால் அவ்வரலாறு பாதியாகவே அமையும். கடியுண்டவருள் பெரும்பாலோர் வீதியில் நடந்து செல்லும் எளியோரும் சிறுவருமே ஆவர்.

கொல்லறையிலிருந்து அறுவை அறைக்கு

விடுதலைக்குப் பின்னும் கொல்லும் முறை தொடர்ந்தது. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா விலங்குவதைத் தடுப்பைத் தேசிய விவாதமாக்கியது. அதன் தொடர்ச்சியாக 1960இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தது. ருக்மிணி தேவியே அதன் முதல் தலைவர். எனினும் அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, தெருநாய்களைக் கொல்லறைகளில் வைத்து அழிப்பதை வதை எனக் கொள்ளாமல் விலக்களித்தது. வதையைத் தடுக்க எழுந்த சட்டமே உரிமையாளரற்ற நாயைத் தன் காவலுக்கு வெளியே நிறுத்தியது.

இக்காலத்திலேதான் சென்னையில் மாற்று முயற்சி ஒன்று முளைத்தது. மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் காப்பாற்றித் தம் வீட்டுக்குக் கொண்டுசென்றார். அவரும் அவர்தம் துணைவியார் உஷா சுந்தரமும் 1959இல் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினர். நாட்டின் பெரிய விலங்கு நல அமைப்புகளுள் ஒன்று ஒரு வீட்டில் தொடங்கியது என்பது இவ்வாய்வுக்கு முதன்மையான செய்தி. கொள்கை தோன்றுமுன்பே குட்டிகளுக்கு வீடு கிடைத்துவிட்டது.

1964இல் அவ்வமைப்பு, கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்யும் திட்டத்தை முன்வைத்தது. மாநகராட்சி அதனை ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1860இல் நாளொன்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்த கொலை எண்ணிக்கை, 1995இல் நாளொன்றுக்கு 135ஆக உயர்ந்திருந்தது என்று அவ்வமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியுள்ளார். கொல்லப்பட்ட நாய்கள் மிகுந்தமையால் அவற்றின் தோலைக் கொண்டு கழுத்துப்பட்டை, பணப்பை முதலியன செய்யும் வழிகள் 1970களில் ஆராயப்பட்டதாகவும் அவர் குறிப்பிடுகின்றார். நூற்று முப்பத்தைந்து ஆண்டுக் கொலை நாய்களின் தொகையைக் குறைக்கவில்லை என்பதே அவ்வெண்களின் பொருள். ஓரிடத்து நாய்கள் அகற்றப்பட்டால், அங்குள்ள உணவை நாடிப் பிற நாய்கள் வந்து சேரும். எஞ்சியவற்றின் குட்டிகளும் மிகுதியாகப் பிழைக்கும்.

1990இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் கொலையை மட்டும் நம்பும் முறையை ஏற்கவில்லை. 1996இல் சென்னை மாநகராட்சி கருத்தடைத் திட்டத்துக்கு இசைந்தது. அவ்வாண்டில் 120ஆக இருந்த வெறிநோய் இறப்புகள் 2004இல் 5ஆகக் குறைந்தன என்பது புளூ கிராஸ் தரும் கணக்கு. இக்குறைவு முழுவதையும் கருத்தடைக்கே உரியதாக்குதல் பொருந்தாது. மனிதர்க்கான தடுப்பூசி மேம்பட்டதும் இதே காலத்தில்தான். ஆயினும் கொல்லாமலே நோயைக் குறைக்கலாம் என்பதற்குச் சென்னை ஒரு சான்றாயிற்று.

2001ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இம்முறையை நாடு முழுமைக்கும் ஆக்கின. அவை நாய்களை வளர்ப்பு நாய், தெருநாய் என வகுத்தன. தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த பகுதியிலேயே விடவேண்டும் என்றன. தெருவும் ஒரு நாய்க்கு உறைவிடமாகலாம் என்பதை விதி முதன்முறையாக ஒப்புக்கொண்டது.

சைதாப்பேட்டை முரண்

இதே காலத்துச் சென்னையில் மற்றொரு போக்கும் நிலவியது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாட்டு இனங்களைக் காக்க 1980களின் தொடக்கத்தில் தமிழக அரசு சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை நிறுவியது. ஒரே நகரில் ஓர் அரசுத்துறை நாட்டு நாயைப் பெருக்கியது. உள்ளாட்சி அமைப்பு நாட்டு நாயைக் கொன்றது. இரண்டிற்கும் இடையேயான வேறுபாடு மண்ணால் ஆனதன்று, மரபுவழியைக் காட்டும் சான்றால் ஆனது. சைதாப்பேட்டைப் பிரிவை மூடும்படி 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எனினும் இனப்பெயர் உடைய நாயே வீட்டுக்குரியது என்னும் எண்ணம் மக்களிடம் நிலைத்துவிட்டது. காப்பகங்களில் நாட்டுக் குட்டிகள், அவற்றுள்ளும் பெண் குட்டிகள், கேட்பாரின்றி எஞ்சுவதற்கு இவ்வெண்ணம் ஒரு காரணம்.

வளாக நாய்: கும்மிடிப்பூண்டிக் களம்

இதுவரை கண்ட கொள்கை மாநகரை மையமாகக் கொண்டது. அறுவை அறை, மருத்துவர், பிடிக்கும் வண்டி ஆகியன மாநகராட்சியிடமே முதலில் இருந்தன. 1997இல் தனி மாவட்டமான திருவள்ளூரின் அம்பத்தூர், மாதவரம், மணலி, திருவொற்றியூர் ஆகிய பகுதிகள் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. அதனால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் நாய் மாநகர நாயாயிற்று. கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்தின் நாய் பேரூராட்சி, ஊராட்சி எல்லைகளுக்குள் நின்றது.

தொழிற்பகுதியில் நாய் வாழும் முறை குடியிருப்புத் தெருவினின்று வேறுபட்டது. ஆலை வாயிற்காவலர், தேநீர்க் கடைக்காரர், சரக்குந்து ஓட்டுநர், வடமாநிலங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கும் தொழிலாளர் ஆகியோரே அதற்குச் சோறிடுவோர். இரவுக் காவலில் நாய் துணையாகின்றது. அதே நாய்க்கூட்டம் இரவுப் பணி முடிந்து மிதிவண்டியில் திரும்புவோர்க்கு அச்சமாகவும் ஆகின்றது. இங்குள்ள உறவு உண்மையானது, ஆனால் நிலையற்றது. ஒப்பந்தம் முடிந்தால் காவலர் மாறுவார். ஆலை மூடினால் கடையும் மூடும். தொழிலாளர் ஊர் திரும்புவர். நாய் மட்டும் அவ்விடத்திலேயே நிற்கும். அதற்குப் பெயரிட்டவர் சென்ற பின்னர் அப்பெயரை அறிந்தவர் எவருமிலர்.

2023ஆம் ஆண்டின் புதிய விதிகள் தெருவில் வாழும் நாயோடு வாயிற்கதவுடைய வளாகத்துள் வாழும் நாயையும் கணக்கில் கொள்கின்றன. அவற்றைச் சமூக விலங்குகள் என்கின்றன. இது முன்னேற்றமே. ஆனால் ‘சமூகம்’ என்னும் சொல் நிலையாகக் குடியிருப்போரை முன்னிறுத்தி எழுந்தது. குடியிருப்போர் நலச்சங்கம் உள்ள தெருவில் உணவிடும் இடத்தை முடிவுசெய்யலாம். மாதந்தோறும் ஆட்கள் மாறும் தொழிற்பகுதியில் அப்பொறுப்பை ஏற்பவர் யார் என்பதற்கு விதியில் தெளிவான விடை இல்லை.

காப்பகமும் வீடும்

கருத்தடை விதிகளின்படி காப்பகம் இடைத்தங்கல் மட்டுமே. அறுவைக்குப்பின் சில நாள் பேணி, அடையாளத்துக்காகக் காது நுனியில் வெட்டிட்டு, நாயை அதன் இடத்தில் விடவேண்டும். ஆனால் கால் இழந்தவை, முதுமையுற்றவை, வளர்த்தவரால் கைவிடப்பட்டவை ஆகியன மீள முடியாதவை. அவற்றுக்கு இடைத்தங்கலே முடிவிடமாகின்றது.

2025ஆம் ஆண்டு இவ்வினா நாடளாவியதாயிற்று. ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றம் தில்லித் தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்ற ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூவர் அமர்வு அதனைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்டவற்றை மீள விடலாம் என்றது. விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், தத்தெடுத்தபின் அது தெருவுக்குத் திரும்பலாகாது என்றும் கூறியது. நவம்பர் 7ஆம் நாள் ஆணையோ கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், தொடர்வண்டி நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை அங்கேயே மீள விடக்கூடாது என்றது. விதி வழங்கிய ‘இடம்’ இவ்வளாகங்களைப் பொறுத்தவரை மீட்டுக்கொள்ளப்பட்டது. இனி அந்நாய்களுக்கு எஞ்சுவன இரண்டே: கூண்டு அல்லது வீடு.

கூண்டைக் கட்ட நிதி ஒதுக்கலாம். வீட்டை அவ்வாறு உண்டாக்க இயலாது. அதற்கு ஆவணமும் தொடர்ச்சியும் வேண்டும். தத்துக்குரிய நாயின் வயது, உடல்நிலை, தடுப்பூசி, குழந்தைகளிடமும் பிற நாய்களிடமும் அதன் பழக்கம் ஆகியன பதிவாகவேண்டும். தத்தெடுத்தவர் இடம்பெயர நேர்ந்தால் திரும்ப ஒப்படைக்க வழி வேண்டும். கும்மிடிப்பூண்டி போன்ற பகுதிகளில் ஆலை வளாகமே பல நாய்களுக்குப் பொறுப்பேற்கும் ‘நிறுவனத் தத்து’ ஒன்றைச் சிந்திக்கலாம். காவலர் மாறினாலும் பொறுப்பு வளாகத்தின் பதிவேட்டில் நிற்கும். தடுப்பூசி நாள் தவறாது. கடி நேர்ந்தால் பதில் சொல்லவும் ஒருவர் இருப்பார். வெறிநோய்ச் சங்கிலி அறுபட 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுகோல். பெயரும் பதிவும் உள்ள நாயை மீண்டும் கண்டு ஊசியிடுதல் எளிது. ஆகவே நாய்க்கு வீடு தேடுவது அதனை அஞ்சும் தொழிலாளியின் நலனுக்கும் எதிரானதன்று.

முடிவுரை

இவ்வாய்வின் வழி மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, 1860 முதல் கொள்கைகள் மாறினும் உடைமை என்னும் அளவுகோல் மாறவில்லை. இரண்டாவது, உடைமையாகாத உறவை 2001, 2023ஆம் ஆண்டு விதிகள் ஓரளவு ஏற்றன. ஆனால் நிலையான குடியிருப்பை முன்னிறுத்தியமையால் தொழிற்பகுதி அவற்றின் ஓரத்திலேயே நின்றது. மூன்றாவது, 2025ஆம் ஆண்டு ஆணைகளுக்குப் பின் தத்தெடுப்பு தனிமனித இரக்கமாக மட்டும் நிற்க முடியாது. அது உள்ளாட்சிப் பணியாதல் வேண்டும்.

எடுத்தனூர்க் கல் கோவிவனை அதன் வீரத்துக்காக நினைவுகூர்ந்தது. காப்பகத்து நாய்க்குச் சொல்லத்தக்க வீரச்செயல் ஏதுமில்லை. அதற்கு வேண்டுவது ஒரு பெயரும், அப்பெயரை நாள்தோறும் அழைப்பதற்கு ஒருவருமே.