வெள்ளியைத் தேடி வந்தவர்: லெ ஜான்தியும் பாண்டியின் மேகமும்

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல ரொம்ப நாள் இடைவெளி விழுந்துடுச்சு. வேலை அதிகம்னு சொல்லித் தப்பிக்கலாம், ஆனா உண்மை அது இல்ல. எங்க ஊர்ல, பாகூர் ஏரியில மதகு திறந்து அடைச்சு வயலுக்குத் தண்ணி பிரிச்சு விட்ட ஒரு பெரியவர் இருந்தார். எனக்குப் பெரியப்பா முறை. தென்பெண்ணையில சொர்ணாவூர் அணைக்கட்டுல இருந்து பங்காரு வாய்க்கால் வழியா தண்ணி எப்படி வரும், பஞ்சத்துல எந்த ஊருக்கு முதல் முறை, எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் பேசுறதைப் பதிவு பண்ணணும்னு நாலு வருஷமா நினைச்சேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன் பெரியப்பா"ன்னு சொல்லிட்டே இருந்தேன். போன மாசம் அவர் போயிட்டார்.

அதுக்கப்புறம் மைக் முன்னாடி உட்காரவே மனசு வரல. அப்போ மறுபடியும் எடுத்துப் படிச்சதுதான் லெ ஜான்தி கதை. அதையே இன்னைக்குச் சொல்றேன்.

கியோம் லெ ஜான்தி ஒரு பிரெஞ்சு வானியலாளர். நார்மண்டிக்காரர், 1725இல் பிறந்தவர். அவர் பார்க்க ஆசைப்பட்டது ஒரே ஒரு காட்சி: வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் ஒரு கரும்புள்ளியாக நகர்ந்து போவது. இதை உலகத்தின் பல மூலைகளிலிருந்து நேரம் குறித்துப் பார்த்தால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம் என்று 1716இலேயே எட்மண்ட் ஹாலி எழுதிவைத்தார். தன் ஆயுளுக்குள் அது நடக்காது என்று ஹாலிக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினார். இந்த வெள்ளிக் கடப்பு எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை வரும், பிறகு நூறு வருடத்துக்கு மேல் வராது. 1761, 1769. அதை விட்டால் 1874தான். அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்னு சொல்ல முடியாத வேலை.

1760 மார்ச்சில் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். போய்ச் சேர வேண்டிய இடம் பாண்டிச்சேரி. ஜூலை 10ஆம் தேதி மொரீஷியஸ் வந்துவிட்டார். அந்த ஜூலையில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? ஏழாண்டுப் போர். அயர் கூட் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை நம்ம வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தது அதே மாதம்தான். இன்னைக்கு வில்லியனூர்னா திருக்காமீஸ்வரர் கோயில் தேர் ஞாபகம் வரும். அன்னைக்கு அது பாண்டிக்குள்ள நுழையுற மேற்கு வாசல். வில்லியனூர் போனதும் முற்றுகை இறுகியது. 1761 ஜனவரி 16ஆம் தேதி பாண்டி விழுந்தது.

இது எதுவும் லெ ஜான்திக்குத் தெரியாது. மொரீஷியஸில் கப்பல் கிடைக்காமல் எட்டு மாதம் கிடந்து, மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் ஏறினார். மே மாதக் கடைசியில் மாஹே பக்கம் வந்தபோதுதான் சேதி கிடைத்தது: மாஹேயும் ஆங்கிலேயர் கையில், பாண்டியும் ஆங்கிலேயர் கையில். கப்டன் கப்பலைத் திருப்பிவிட்டார். 1761 ஜூன் 6, வானம் தெளிவாக இருந்தது. வெள்ளி சூரியனைக் கடந்தது. லெ ஜான்தி அதை நடுக்கடலில், ஆடுகிற கப்பல் தளத்தில் நின்று பார்த்தார். நின்ற இடத்தின் தீர்க்கரேகை சரியாகத் தெரியாது, ஊசல் கடிகாரம் கப்பலில் வேலை செய்யாது. அதனால் அந்த அளவீடு கணக்குக்கு உதவவில்லை.

ஊருக்குத் திரும்பியிருக்கலாம். அவர் எட்டு வருடம் காத்திருக்க முடிவு செய்தார். இந்தக் கதையைப் பலர் துரதிர்ஷ்டக் கதையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அந்த எட்டு வருடம்தான் முக்கியம். காத்திருக்கேன்ங்கிற பேர்ல சும்மா இருக்கறதுக்கு அதைவிட நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும்? அவர் மடகாஸ்கரின் கிழக்குக் கரையை வரைபடமாக்கினார். பருவக்காற்று, கடல் நீரோட்டம் பற்றிக் குறிப்பெடுத்தார். 1766இல் மணிலா போய் அங்கிருந்தே பார்க்கத் திட்டமிட்டார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் அவரைச் சந்தேகித்தார், பாரீஸ் அகாதெமியும் பாண்டிச்சேரிக்கே போகச் சொன்னது. 1763 ஒப்பந்தப்படி பாண்டி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தது. 1768 மார்ச் 27இல் வந்து இறங்கினார்.

அப்போதைய பாண்டி ஒரு இடிபாடு. ஆளுநர் ழான் லா, தகர்க்கப்பட்ட கோட்டைக்குள் ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். அதற்குக் கீழ் நிலவறையில் வெடிமருந்துக் கிடங்கு! சண்டை முடிந்த எதிரிகளான சென்னை ஆங்கிலேயர்களும் ஒரு தொலைநோக்கி அனுப்பி உதவினார்கள். கைவசம் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் நம்ம ஊர்ப் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணத்தைக் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை வைத்துச் சோதித்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவில் சிறந்ததாகக் கருதப்பட்ட மேயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகச் சொன்னது. (எல்லாக் கிரகணத்துக்கும் அப்படி அமையாது. 1825இல் இதே பாண்டியில் ஜான் வாரன் பார்க்க ஒரு கணியர் சோழிகளை வைத்து மனக்கணக்காகவே கிரகணம் கணித்தார், அதில் பல நிமிடம் பிசகியது.)

1769 ஜூன் 3 ராத்திரி, ஆளுநரோடு சேர்ந்து வியாழனின் நிலவைப் பார்த்தார். அவ்வளவு தெளிவான வானம். மறுநாள் சூரியன் உதித்ததும், கடப்பின் முடிவுக் கட்டம் மட்டும் இங்கே தெரியவேண்டும். விடியலுக்கு முன் எழுந்து பார்த்தால் மேகம். ஏழு மணி வாக்கில் வெள்ளி கடந்து முடித்தது, மேகம் விலகவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வெயில் வந்தது. அன்று முழுக்க நல்ல வெயில். அவர் விட்டு வந்த மணிலாவில் வானம் தெளிவாகவே இருந்ததாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் அவரால் நாட்குறிப்பு எழுத முடியவில்லை. பிரான்சுக்குச் சேதி எழுத உட்காரும்போதெல்லாம் பேனா கையிலிருந்து நழுவியதாக அவரே பதிவு செய்கிறார். பதினோரு வருடம் எதையும் தள்ளிப்போடாத மனுஷன் தள்ளிப்போட்டது இந்த ஒன்றைத்தான்: தோத்துட்டேன்னு எழுதறதை. சோம்பேறித்தனம்னு இதைச் சொல்ல எனக்கு வாய் வரல. கடைசியில் எழுதினார்.

1770இல் நோயோடு கிளம்பி, புயலில் சிக்கித் திரும்பி, 1771 அக்டோபரில்தான் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் இறந்துவிட்டார் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். வாரிசுகள் சொத்துக்கு வந்து நின்றார்கள், அகாதெமியில் அவர் இடமும் போயிருந்தது. மனைவி வேறு கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு ஒரு கதையும் சுத்துது. அது கட்டுக்கதை. அவருக்கு அப்போ கல்யாணமே ஆகல, ஊர் திரும்பின பிறகுதான் ஆச்சு. வழக்கு நடத்தினார், அகாதெமி இடம் திரும்பக் கிடைத்தது, இந்தியக் கடல் பயணம் பற்றி 1779இலும் 1781இலும் இரண்டு பெரிய தொகுதிகள் போட்டார். வெள்ளிக் கடப்பின் அளவு அதில் இல்லை. மத்ததெல்லாம் இருக்கு, பஞ்சாங்கக் கணக்கு உட்பட.

அவர் நின்ற அந்தக் கோட்டை இருந்த பகுதிதான் இன்றைய பாரதி பூங்கா. பாகூர்ல இருந்து பஸ்ல பாண்டிக்கு வந்து ஆயி மண்டபத்துக்கிட்ட உட்கார்ந்துதான் இதுக்குக் குறிப்பு எடுத்தேன்.

பெரியப்பாவோட தம்பி இருக்கார், எனக்குச் சித்தப்பா. அவருக்கு வாய்க்கால் முறை பாதிதான் ஞாபகம் இருக்காம். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு மதகுக்கிட்ட வரச் சொல்லியிருக்கார். ரெக்கார்டருக்கு பேட்டரி வாங்கி வெச்சாச்சு.