தந்தி எவ்வளவு உயரம்? ஒரு ரேடியோ மெக்கானிக் சொன்ன பதில்

புதிதாக பேஸ் கிடார் வாங்குகிறவர்கள் முதல் மாதத்தில் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "விரல் இந்த வலி வலிக்குதே, எனக்கு இதெல்லாம் வராதோ?" பல சமயம் விரலில் கோளாறே இருக்காது. தந்தி ஃபிரெட்டுக்கு மேலே மாடி வீட்டில் குடியிருக்கும். (ஃபிரெட் என்பது வீணையில் மெட்டு என்கிறோமே, அதேதான்.) கொண்டுபோய்க் காட்டினால் "நெக் வளைஞ்சிருக்கு சார், இது தேறாது" என்று யாராவது ஒருவர் பயமுறுத்தி வேறு அனுப்புவார். முப்பது வயதில் ஆசையாக வாங்கியது ஆறே மாதத்தில் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பேச்சுலர் ரூம்களில் இதை நிறையப் பார்த்தாகிவிட்டது.

உண்மையில் அந்த நெக் கொஞ்சம் வளைந்துதான் இருக்க வேண்டும். தந்தியின் உயரமும் நாம் மாற்றிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. இது எப்படி வந்தது என்று பார்த்தால் கதை அமெரிக்காவில் எழுபது எண்பது வருடம் பின்னால் போகிறது.

அப்போது நடன இசைக்குழுக்களில் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கிற டபுள் பேஸ். அதன் தந்தி நீளம் மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல். ஆட்டுக் குடலில் செய்த தந்தி. பக்கத்தில் டிரம்பெட்டும் டிராம்போனும் முழங்கும்போது பாவம், இது காதில் விழவே விழாது. சத்தம் வேண்டுமென்றால் ஒரே வழி: தந்தியை உயரத் தூக்கி வைத்து, பலமாக இழுத்து விட வேண்டும். தாழ வைத்து அப்படி இழுத்தால் தந்தி பலகையில் அடித்துக் கடகடக்கும். ஆக அந்தக் காலத்தில் தந்தியின் உயரம்தான் வால்யூம். விரல் கொப்புளம் அதற்குக் கொடுத்த விலை. பருவம் மாறினால் மரம் உப்பும், சுருங்கும்; உயரமும் கூடவே மாறும். அதற்காகக் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இரண்டு பிரிட்ஜ் வைத்திருந்தவர்களும் உண்டு.

கிடார் பக்கம் பிரச்சினை வேறு. இரும்புத் தந்தி வந்ததும் நெக் தாங்கவில்லை. இன்றைய நாலு தந்தி பேஸில் சுருதி சேர்த்தபின் மொத்த இழுவை சுமார் 70–80 கிலோ. அதாவது ஒரு ஆள் இரவும் பகலும் நெக்கைப் பிடித்து முன்பக்கம் தொங்குகிற மாதிரி. நெக்கைத் தடியாகச் செய்தால் தாங்கும், ஆனால் கைக்கு அடங்காது. கலமஸூவில் இருந்த கிப்ஸன் கம்பெனியின் தாடியஸ் மெக்ஹ்யூ இதற்கு ஒரு வழி கண்டார். நெக்குக்கு உள்ளே ஒரு எஃகுக் கம்பி, ஒரு முனையில் நட். நட்டை முறுக்கினால் தந்தி முன்னால் இழுக்கிற அளவுக்குக் கம்பி பின்னால் இழுக்கும். 1921-ல் விண்ணப்பித்து 1923-ல் காப்புரிமை கிடைத்தது. இதுதான் டிரஸ் ராட். எல்லோரும் உடனே சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மார்ட்டின் கம்பெனி கிடார்களில் முறுக்கக்கூடிய ராட் வந்தது 1985-ல்தான்!

இப்போது நம்ம ஹீரோ. லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். கிடார் வாசிக்கத் தெரியாது. நான் இதைக் குறையாகவே நினைக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவர் தன் விரலுக்குப் பிடித்த மாதிரி செய்திருப்பார். இவர் ரிப்பேர்காரர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் "நாளைக்கு இது கெட்டால் எப்படிக் கழற்றுவது" என்றுதான் மனசு ஓடும். (மென்பொருள் எழுதுகிற மகாஜனங்கள் கவனிக்க: மெயின்டெனன்ஸை முதல் நாளே யோசித்த டிசைன்.) அதனால்தான் நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூ வைத்து முடுக்கினார். தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டலாம்.

ஆனால் டிரஸ் ராட் விஷயத்தில் அவரும் சறுக்கினார். மேப்பிள் கெட்டியான மரம், ராட் எதற்கு என்று நினைத்து, 1950-ல் வந்த முதல் எஸ்கொயர் கிடார்களை ராட் இல்லாமலே செய்தார். நெக் வளைந்து திரும்பி வர ஆரம்பித்தன. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே ராட் சேர்ந்துவிட்டது. நெக்கின் பின்பக்கம் பள்ளம் தோண்டிக் கம்பியைச் செருகி, மேலே கறுப்பு வால்நட் மரப்பட்டை வைத்து மூடினார்கள். இன்றைக்கும் ஃபெண்டர் கிடார்களின் பின்னால் நெடுக ஒரு கறுப்புக்கோடு ஓடுவது அழகுக்கு இல்லை, அந்தப் பள்ளத்தின் மூடிதான்.

1951-ல் பிரிசிஷன் பேஸ். அதற்கு முன்பே, 1936 வாக்கில், சியாட்டிலில் பால் டட்மார்க் ஃபிரெட் வைத்த மின்சார பேஸ் ஒன்றை விற்றுப் பார்த்தார், எடுபடவில்லை. லியோவுடையது எடுபட்டது. தந்தி நீளம் 34 அங்குலம். ஃபிரெட் இருந்ததால் சுருதி பிசகாது, அதனால்தான் பெயரே பிரிசிஷன். எல்லோரும் பேசுவது இந்த ஃபிரெட்டைப் பற்றித்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிரிட்ஜில் இருந்த சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள். தந்தி உட்காருகிற கட்டையை, அதாவது சாடிலை, ஏற்றி இறக்க வைத்தவை. ஆம்ப்ளிஃபயர் வந்துவிட்டது, சத்தத்துக்கு அது இருக்கிறது, தந்தி இனிமேல் உயரமாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆக எவ்வளவு உயரம் என்ற முடிவைத் தொழிற்சாலை எடுக்காமல் வாங்குகிறவரிடம் விட்டாகிவிட்டது. முதலில் இரண்டே சாடில், இரண்டு தந்திக்கு ஒன்று. 1957-ல் தந்திக்கு ஒன்றாக நாலு ஆனது.

அந்தச் சுதந்திரத்தை ஆளுக்கு ஒரு விதமாகப் பயன்படுத்தினார்கள். மோடவுன் பாட்டுக்களின் பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் டபுள் பேஸிலிருந்து வந்தவர். 1962 மாடல் பிரிசிஷன், தடித்த ஃப்ளாட்வவுண்ட் தந்தி, அறுந்தாலொழிய மாற்றமாட்டார், உயரமோ சாதாரண மனிதர்கள் தொட்டால் அழுதுவிடுவார்கள். அதை வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். டெட்ராய்ட்டில் அத்தனை ஹிட் பாட்டுக்களில் வாசித்தவரின் பெயர் மோடவுன் ஆல்பம் உறையில் முறையாக அச்சானது 1971-ல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான். அந்த அநியாயத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். எதிர்த் துருவம் ஜாக்கோ பாஸ்டோரியஸ். தன் ஜாஸ் பேஸில் ஃபிரெட்களையே பிடுங்கிவிட்டு, படகுக்குப் பூசுகிற எபாக்ஸியைப் பலகையில் பூசி, தந்தியைத் தாழ இறக்கினார். தந்தி பலகையை உரசி உரசி எழும் அந்த முனகல் 1976-ல் வந்த அவர் முதல் ஆல்பம் முழுக்கக் கேட்கும். 'சரியான உயரம்' எது என்று இந்த இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் அடிதடி ஆகியிருக்கும்.

சரி, நம் புது பேஸுக்கு வருவோம். பெரிய குழப்பமே, டிரஸ் ராடை உயரம் குறைக்கிற திருகு என்று நினைப்பதுதான். அதன் வேலை நெக்கின் வளைவு மட்டும். உயரம் சாடிலின் வேலை. அடிக்கிற தந்தி நடுவில்தான் அதிகமாக ஆடும். அந்த ஆட்டத்துக்கு இடம் விட நெக் துளியூண்டு முன்பக்கம் குழிந்திருக்க வேண்டும். பார்ப்பது சுலபம். சுருதி சேர்த்த பிறகு, தடித்த E தந்தியை முதல் ஃபிரெட்டிலும் நெக் உடம்போடு சேருகிற இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃபிரெட் பக்கம் எவ்வளவு இடைவெளி? ஃபெண்டர் சொல்லும் கணக்கு, பலகையின் வளைவைப் பொறுத்து, 0.25-லிருந்து 0.36 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டு கனம். துல்லியமாக வேண்டுமென்றால் பைக் மெக்கானிக் டேப்பெட் செட் பண்ண வைத்திருக்கும் ஃபில்லர் கேஜ் போதும். இடைவெளி அதிகம் என்றால் நட்டை வலப்பக்கம் கால் சுற்று முறுக்க வேண்டும். இல்லவே இல்லை என்றால் கால் சுற்று தளர்த்த வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் போகவே கூடாது. மறுபடி சுருதி சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. முறுக்க மறுத்தால் பலம் காட்டாதீர்கள். அப்போது மட்டும்தான் கைராசிக்காரர் ஒருவரைத் தேட வேண்டும்.

அதன்பிறகே சாடில். 17-வது ஃபிரெட்டில் E தந்திக்கு 2.4, G தந்திக்கு 2 மில்லிமீட்டர் வைத்துத் தொடங்கலாம். கரகரப்பு முதல் நாலைந்து ஃபிரெட்டில் மட்டும் வந்தால் நெக் ரொம்ப நேராக இருக்கிறது. 12-க்கு மேலே வந்தால் சாடில் தாழ்ந்துவிட்டது. சாடிலை அடிவரை இறக்கியும் தந்தி உயரமாகவே நின்றால் நெக் உடம்பில் உட்காரும் கோணமே சரியில்லை என்று அர்த்தம். அதற்கு நெக்கைக் கழற்றி, குழியில் ஒரு சின்ன அட்டைத் துண்டை வைத்து முடுக்குவார்கள். ஏமாற்று வேலை இல்லை, ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே செய்ததுதான். 1971-ல் அட்டைக்குப் பதில் கோணத்தைத் திருகியே மாற்றுகிற மைக்ரோ டில்ட் என்று ஒன்றையும் கொண்டுவந்தார்கள்.

கடைசியாக ஒன்று, எங்களை மாதிரி டெல்லிப் பக்கம் குப்பை கொட்டுகிறவர்களுக்கு. இந்த பேஸ்களில் பல இந்தோனேசியாவின் ஈரக்காற்றில் செய்யப்பட்டு, கப்பலேறி, நேராக மே மாத லூ காற்றில் வந்து இறங்குகின்றன. மரம் சுருங்கி, ஃபிரெட்டின் ஓரங்கள் ரம்பப்பல் மாதிரி கையைக் கீறும். ஜூலையில் மழை இறங்கியதும் அதே மரம் மறுபடி உப்பும். நெக் கெட்டுப்போகவில்லை, ஊருக்குப் பழகிக்கொண்டிருக்கிறது. வாங்கி வந்ததும் இரண்டு வாரம் வீட்டில் சும்மா விட்டுவிட்டுப் பிறகு அலன் கீயை எடுங்கள். மழைக்கு ஒரு தடவை, ஜனவரிக் குளிருக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்; பெரும்பாலும் கால் சுற்றுகூடத் தேவைப்படாது.