வெலிமடை ஏற்றமும் ஒரு ரொட்டியும்

சில காலத்துக்கு முன் வெலிமடையில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். பதுளையிலிருந்து சைக்கிளில் வந்தவர். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் போகிறவர். சோறு, ரொட்டி, கிழங்கு மூன்றையும் விலக்கி, முட்டையும் தேங்காயும் உண்டே நெடுந்தூரம் ஓட்டுவதாகச் சொன்னார். சொன்ன இடமோ உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஊர்!

இது பழைய கேள்விதான். 1939இல் டென்மார்க்கின் கிறிஸ்டென்சனும் ஹான்சனும் நிலைச்சைக்கிளில் இதனைச் சோதித்தனர். கொழுப்புணவு உண்டபோது தாங்கிய நேரத்தைப் போல் இருமடங்குக்கும் மேலாக, மாச்சத்துணவு உண்டபோது அதே மனிதர் தாங்கினர். 1983இல் அமெரிக்காவில் ஃபின்னி, பயிற்சி பெற்ற ஐவருக்கு நான்கு வாரம் மாச்சத்தை ஏறக்குறைய நிறுத்தினார். மிதவேகத்தில் அவர்களது சராசரித் தாங்குதிறன் குறையவில்லை. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் விசை கூட்டும்போது தசை, தன்னுள் சேமித்த மாச்சத்தையே பெரிதும் நாடும்.

நம் தோட்டங்களில் இதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. கொழுந்துக் கூடையோடு மலையேறியவர்களைத் தாங்கியது கோதுமை மா ரொட்டி. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் மாவும் அரிசியும் அருகியபோது லயங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. மாச்சத்தை விலக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். ஏற்றத்துக்கு முன் ஒரு ரொட்டியாவது உண்ணும்படி கேட்டுக்கொண்டேன்.