கோட்டூர்புரம் மரப்பூங்கா

கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், அடையாற்றங்கரையில் உள்ள மரப்பூங்காவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் அது குப்பைமேடு. அங்கே குப்பை சேர்த்தவர்களில் நானும் ஒருவன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சமையலறைத் தரையை இடித்துப் புதிதாகப் போட்டோம். இடிசலை அள்ள வந்த வண்டிக்காரர், "எங்க சார் கொட்டறது?" என்று கேட்டார். "எங்கயாவது கொட்டிடுப்பா" என்றேன். எங்கேயாவது என்றால் எங்கே என்று இரண்டு பேருக்குமே தெரியும். தெருவே அப்படித்தான் செய்தது. பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான சுமார் ஐந்து ஏக்கர் கரை மேடு தட்டிப்போனது.

அடையாறு சுமார் 42 கிலோமீட்டர்தான். மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரை வாங்கிக்கொண்டு வந்து பட்டினப்பாக்கம் பக்கம் கடலில் சேர்கிறது. மழைக்காலம் போனால் அதற்குச் சொந்தத் தண்ணீர் என்று பெரிதாகக் கிடையாது. ஊர் பெருகப் பெருக அந்த இடத்தைச் சாக்கடை பிடித்துக்கொண்டது. போட் கிளப் படகுகள் மட்டும் விடாமல் அதன்மேல் போய்க்கொண்டிருந்தன.

2006இல் 'நிழல்' அமைப்பினர் துறையின் அனுமதியோடு அந்த மேட்டில் இறங்கினார்கள். "ஆறு மாசம் தாங்காது" என்றேன் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரிப் பிள்ளைகள், கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள், பென்ஷன்காரர்கள் என்று வந்தபடியே இருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு, வேடிக்கை பார்க்கப் போய் நானும் மாட்டிக்கொண்டேன்.

மரம் நடுவதைவிடக் குழி வெட்டுவதுதான் பெரும்பாடு. கடப்பாரையைப் போட்டால் 'டங்' என்று செங்கல்லில் இடிக்கும். இடிசலை வாரி வெளியே போட்டு, செம்மண்ணும் எருவும் நிரப்பிய பிறகுதான் கன்று. புல்தரையும் குரோட்டன்ஸும் வேண்டாம், இந்த மண்ணுக்குப் பழகிய மரங்களே போதும் என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். புங்கம், பூவரசு, மகிழம், நீர்மருது மாதிரி. சருகை எரிக்காமல் மூடாக்காகப் போடச் சொன்னார்கள். "பார்க் என்றால் ஊஞ்சல் வேண்டாமா?" என்று கேட்ட ஆளும் நான்தான்.

ஒருநாள் குழியிலிருந்து பச்சை மொசைக் சில்லு வந்தது. எங்கள் பழைய சமையலறைத் தரையும் பச்சை. அந்தக் காலத்தில் பாதி மெட்ராஸ் வீட்டில் பச்சை மொசைக்தான், எங்களுடையதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்த பையனிடம் ஒன்றும் சொல்லாமல் பாண்டில் போட்டுச் சுமந்துகொண்டு போனேன். ஏழெட்டு நடை ஆயிற்று.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளின் கீழ்த்தளம் மூழ்கியது நமக்கெல்லாம் மறக்காது. பூங்காவும் தண்ணீருக்குள் போனது. வடிந்த பிறகு பார்த்தால் எங்கும் சேறு, கிளைகளில் பிளாஸ்டிக் தோரணம். வழித்துச் சுத்தம் செய்து, மரங்கள் தேறி வந்த நேரத்தில், சரியாக ஒரு வருஷத்தில், 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல். மறுபடி ரம்பம், கயிறு. முறிந்த கிளையை அறுத்து, சாய்ந்ததை நிமிர்த்திக் கட்டி, வேருக்கு மண் அணைத்தார்கள். இந்தத் தடவை "தாங்காது" என்று நான் சொல்லவில்லை.

ஆறு என்னவோ இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. "மரம் நட்டால் சாக்கடை நின்றுவிடுமா?" என்று என் மைத்துனர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். நிற்காது. அதை நிறுத்துவது அரசாங்கத்தின் வேலை, மண்வெட்டி பிடித்தவர்களுடையது அல்ல. ஆனால் அந்தக் கரையில் இப்போது யாரும் இடிசல் வண்டியை ஓட்டிக்கொண்டு போவதில்லை. கேட்பதற்கு அங்கே ஆள் இருக்கிறது.

எனக்கு முழங்கால் போய்விட்டது, கடப்பாரை தூக்க முடியாது. மாசி பங்குனியில் எங்கள் வாசல் வேம்பு கொட்டுகிற சருகைக் கூட்டிச் சாக்கில் கட்டி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் ஸ்கூட்டரில் வந்து எடுத்துக்கொண்டு போகிறான்.