பன்றிக்கறிக்கு எத்தனை டிகிரி?

போன கோடையில் ஒரு சனிக்கிழமை வீட்டுப் பின்புறம் கிரில் போட்டேன். பன்றியின் முதுகுக்கறியைக் கத்தியால் கீறி விரித்து, உள்ளே ஆப்பிள் துண்டுகளும் கொட்டை நீக்கிய உலர்ந்த பிளம்ஸும் வைத்து, பாய் மாதிரி சுருட்டி நூலால் கட்டினேன். தெர்மாமீட்டர் 63 டிகிரி செல்சியஸ் காட்டியதும் எடுத்து வெட்டினேன். கறி லேசான இளஞ்சிவப்பு. ஊரிலிருந்து வந்திருந்த நண்பனின் அம்மா தட்டைத் தொடவே இல்லை.

"என்ன தம்பி, பன்னிக்கறிய இப்படியா சாப்பிடுவாங்க? உள்ள வேகவே இல்லையேப்பா."

"இல்லம்மா, 63 போதும்னு அரசாங்கமே சொல்லியிருக்கு" என்றேன். ராத்திரி உட்கார்ந்து அந்த 63 எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

கதை 1835-இல் லண்டனில் தொடங்குகிறது. செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மாணவராக இருந்த ஜேம்ஸ் பேஜட், அறுவை மேசையில் கிடந்த ஒரு சடலத்தின் தசையில் மணல்போல நறநறவென்று ஏதோ இருப்பதைக் கவனித்தார். கையில் நுண்ணோக்கி இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய் ராபர்ட் பிரவுனிடம் (நாம் பள்ளியில் படித்த 'பிரவுனியன் இயக்கம்' பிரவுன்தான்) கேட்டுப் பார்த்தார். உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு புழு. ரிச்சர்ட் ஓவன் அதற்கு டிரைக்கினா ஸ்பைராலிஸ் என்று பெயர் வைத்தார். 1846-இல் பிலடெல்பியாவில் ஜோசப் லைடி அதையே பன்றிக்கறியிலும் கண்டார். ஆனாலும் அது ஆளைக் கொல்லும் என்று யாரும் நினைக்கவில்லை.

1860-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், டைபாய்டு என்று கருதப்பட்ட ஒரு வேலைக்காரப் பெண் இறந்தாள். ஃபிரெட்ரிக் சென்கர் அவள் தசையைப் பார்த்தார். முழுக்க இந்தப் புழு. அவள் வேலை பார்த்த பண்ணையில் கிறிஸ்துமஸுக்கு அடித்த பன்றியின் கறியிலும் அதே புழு. 1865-இல் ஹெடர்ஸ்லேபன் என்ற சிற்றூரில் 300 பேருக்கு மேல் படுத்தார்கள். சுமார் 100 பேர் செத்துப்போனார்கள். அந்தப் பக்கம் பன்றிக்கறியைக் கொத்திப் பச்சையாகவே சாப்பிடும் வழக்கம் உண்டு.

ஜெர்மனி ஒவ்வொரு பன்றியையும் நுண்ணோக்கியில் சோதிக்கும் வழிக்குப் போனது. அமெரிக்கா அந்தப் பொறுப்பைச் சமையலறையிடம் விட்டது: 'நன்றாக வேகவையுங்கள்.' புழு சாவதற்கு 58 டிகிரியே போதும். ஆனால் வீட்டில் யாரிடம் தெர்மாமீட்டர் இருந்தது? அதனால் கறி சாம்பல் நிறமாகும்வரை வேகவைக்கச் சொன்னார்கள். அப்படியே தலைமுறை தலைமுறையாக வறண்ட கறியைத் தின்றார்கள்.

பிறகு பன்றி வளர்ப்பே மாறியது. 1980-இல் வந்த சட்டம் பன்றிக்குப் போடும் எச்சில் உணவைக் கொதிக்க வைத்தே போடணும் என்றது. பண்ணைப் பன்றியில் புழு அநேகமாக ஒழிந்தது. 2011-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை, முழுத்துண்டுக் கறிக்கு 71-ஐ விட்டு 63 டிகிரி, அதன்பின் 3 நிமிடம் ஆறவிடுதல் என்று மாற்றியது. நான் பெருமையாகச் சொன்ன 63 இதுதான்.

சரி, இதில் பழம் எங்கே வருகிறது? பழம் இந்தப் பயத்தைவிட ரொம்பப் பழசு. அப்பிசியஸ் பெயரில் கிடைக்கும் ரோமானியச் சமையல் நூலிலேயே பன்றித் தோள்கறியை ஆப்ரிகாட்டோடு சமைக்கும் முறை இருக்கிறது. ஸ்வீடன்காரர்கள் முதுகுக்கறிக்குள் உலர்ந்த பிளம்ஸைச் செருகி வாட்டுகிறார்கள். கொழுப்புக்குப் புளிப்பும் இனிப்பும் எடுப்பாக இருக்கும். அது அடுப்புக்குள் செய்யும் பதார்த்தம். 1952-இல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீபன் தன் ஆலையில் செய்த மிதவையின் பாதிக் கோளத்தை வைத்து மூடி போட்ட கிரில் செய்தார். மூடினால் அதுவே அடுப்பு. கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வைத்தால் போதும்.

என் தப்பு எங்கே என்றால், அந்த 63 'முழுத்துண்டு'க்கு. முழுத்துண்டில் பாக்டீரியா பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும். அங்கேதான் சூடும் அதிகம். நான் கத்தியால் கீறி, மேல்பரப்பை உள்ளே சுருட்டி, ஈரமான பழத்தை வேறு நடுவில் வைத்துவிட்டேன். மேலே இருந்தது சூடு கடைசியாகப் போய்ச் சேரும் இடத்துக்குப் போய்விட்டது. பூரணம் வைத்த கறிக்கு விதியே வேறு: நடுப்பூரணம் 74 டிகிரி. நான் தெர்மாமீட்டரைக் குத்தியதோ ஓரக்கறியில்.

அம்மா சொன்ன காரணம் நிறம். அது பழைய பயம். ஆனால் 'உள்ள வேகல' என்றது சரி. அடுத்த வாரம் போன் பண்ணிச் சொன்னேன். "அதான் அன்னிக்கே சொன்னேனே" என்றார்.

இப்போது பழத்தை முதலில் வதக்கிச் சூடாகவே வைக்கிறேன். ஊசி நடுப்பூரணத்தில். 74 வந்தபிறகுதான் இறக்குவது. சுற்றியிருக்கும் கறி கொஞ்சம் வறளத்தான் செய்கிறது. அதற்குத்தான் பழம் இருக்கிறதே.