விபீஷணன் மேல் வைத்த பழியும் வ்யாக்யான மரபு கண்ட விடையும்

விபீஷணன் என்னும் பெயருக்குத் தமிழுலகில் இரண்டு பொருள்கள் வழங்கி வருகின்றன. ஸ்ரீவைஷ்ணவ கோஷ்டியில் அவன் ஸ்ரீவிபீஷணாழ்வான். சரணாகதிக்கு எடுத்துக்காட்டாக நிற்பவன். அரசியல் மேடையிலோ அப்பெயர் வசைச்சொல். சொந்த நாட்டைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுத்தவன், உடன்பிறந்தானின் அழிவில் முடி சூடியவன் என்பதே அங்கு அதன் பொருள். போர் மூண்டிருக்கும் வேளையில் தன் நாட்டையும் அரசனையும் விட்டு மறுபக்கம் சேர்வது அறமாகுமா என்ற கேள்வி இவ்விரண்டு வழக்குகளுக்கும் நடுவே நிற்கிறது. நம் பூர்வாசார்யர்கள் இக்கேள்வியை அறியாமல் அவனை ஆழ்வான் என்று அழைத்தார்கள் என்று எண்ணுவது பிழை. அவர்கள் எதற்கு விடை கூறினார்கள், எதை விடையில்லாமலே விட்டுவைத்தார்கள் என்பதைப் பிரித்தறிவது இவ்வாராய்ச்சியின் நோக்கமாகும்.

முதலில், பழி புதியதன்று. அதை முதன்முதல் சொன்னவர்கள் ஸ்ரீராமாயணத்தின் பாத்திரங்களே. யுத்த காண்டத்தின் 17, 18, 19 ஆம் ஸர்க்கங்களில் நிகழும் சரணாகதிப் பகுதியில், கடற்கரையில் வந்து நின்ற விபீஷணனைக் கண்டவுடன் ஸுக்ரீவ மஹாராஜர் அவனைக் கொல்ல வேண்டும் என்றே சொல்லுகிறார். பகைவனின் தம்பி, ஒற்றனாக இருக்கக்கூடும் என்பது முதல் ஐயம். ஆபத்தில் அண்ணனைக் கைவிட்டவன் வேறு யாரைத்தான் கைவிடமாட்டான் என்பது அதனினும் கூரிய இரண்டாம் ஐயம். ஜாம்பவானும், பகைவனிடமிருந்து வரத் தகாத இடத்தில், வரத் தகாத காலத்தில் வந்திருக்கிறான் என்கிறார். இவை வெறும் சினச்சொற்கள் அல்ல. பகைநாட்டில் பிரித்தெடுக்கத்தக்கவர் யாவர் என ஆராயும் கௌடில்யரின் அர்த்தசாஸ்த்ரம், சினமுற்றோர், அஞ்சியோர், பேராசை கொண்டோர், மானம் மிக்கோர் என நால்வகையினரைக் கூறுகிறது. அவையில் அவமதிக்கப்பட்டு வெளியேறிய விபீஷணனை இவ்வகைகளுள் ஒன்றில் அடக்கிவிடுவது எந்த அமைச்சனுக்கும் எளிது.

பழியின் உச்சம் 87 ஆம் ஸர்க்கத்தில் வருகிறது. நிகும்பிலையில் வேள்வி குலைய நின்ற இந்த்ரஜித், எதிரே இளையபெருமாளோடு நிற்கும் தன் சிறிய தந்தையைக் கண்டு கேட்கிறான்: இங்கேயே பிறந்து வளர்ந்த நீ உன் மகனுக்கு எவ்வாறு தீங்கு செய்யத் துணிந்தாய்? குணம் நிறைந்த அந்நியனைவிடக் குணமற்ற உறவினனே மேல், அந்நியன் என்றும் அந்நியனே என்பது அவன் வாதம். தன் பக்கத்தை விட்டுப் பிறர்பக்கம் சேர்ந்தவன், தன் பக்கம் அழிந்தபின் சேர்ந்த பக்கத்தாராலேயே அழிவான் என்றும் எச்சரிக்கிறான். இன்றைய மேடைகளில் விபீஷணனைப் பழிப்போர் இதற்கு மேல் எதையும் சேர்த்துவிடவில்லை.

விபீஷணன் செய்தவையும் மறைக்கத்தக்கவை அல்ல. வானர சேனைக்குள் புகுந்த சுகன், ஸாரணன் என்னும் ஒற்றர்களை அடையாளம் கண்டு பிடித்துக் கொடுத்தவன் அவன். உடன்வந்த நால்வரைப் பறவை வடிவில் இலங்கைக்குள் அனுப்பி, வாயில்தோறும் நின்ற காவலை அறிந்துவந்து சொன்னவன் அவன். மாயா ஸீதையின் சூதையும் நிகும்பிலை வேள்வியின் மர்மத்தையும் வெளிப்படுத்தியவனும் அவனே. அரசாசையும் அவனிடம் காணப்படுகிறது. நாகபாசத்தால் பெருமாளும் இளையபெருமாளும் கட்டுண்டு கிடந்தபோது, தன் ராஜ்ய மனோரதம் அழிந்ததே என்று அவன் வாய்விட்டு அழுகிறான். ஸ்ரீவால்மீகி பகவான் இவற்றுள் ஒன்றையும் ஒளிக்கவில்லை.

இனி வ்யாக்யான மரபின் பக்கம் வருவோம். இப்பகுதியை மையமாக வைத்துப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெரியவாச்சான்பிள்ளையும், 1268 முதல் 1369 வரை வாழ்ந்த ஸ்வாமி வேதாந்த தேசிகனும் தனித்தனியே அபயப்ரதாந ஸாரம் என்னும் பெயரிலேயே நூல்கள் அருளினர். இப்பெயரே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எது என்பதைக் காட்டிவிடுகிறது. நூலின் பொருள் அபயம் கொடுத்தவனின் தன்மை. அபயம் கேட்டவன் தன் நாட்டுக்குச் செய்தது நீதியா என்பது அங்கு முதற்கேள்வி அன்று. வந்தவனைக் கைக்கொள்ளலாமா என்பதே முதற்கேள்வி.

அக்கேள்விக்குப் பெருமாள் அருளிய விடையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். விபீஷணன் குற்றமற்றவன் என்று அவர் எங்கும் தீர்ப்பளிக்கவில்லை. நட்புப் பாராட்டி வந்தவனிடம் தோஷம் இருந்தாலும் விடமாட்டேன் என்பதே அவர் நிலை. எல்லா உடன்பிறந்தாரும் பரதனைப் போன்றவர் அல்லர் என்றும், இவன் அரசை விரும்பி வந்திருக்கலாம் என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். திருவடியும் அவ்வாறே, வாலி வதத்தையும் ஸுக்ரீவனின் முடிசூட்டையும் கேள்வியுற்று, ராஜ்யத்தை வேண்டியே இவன் அறிந்து வந்திருக்கிறான் என்று பேசுகிறார். ஆயினும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. இறுதியில் பெருமாள், வந்திருப்பவன் விபீஷணனே ஆயினும் ராவணனே ஆயினும் அபயம் அளித்தேன் என்கிறார். இச்சொல்லின் ஆழம் இங்கே கருதத்தக்கது. ராவணனே வந்திருந்தாலும் அதே அபயம் கிடைத்திருக்குமாயின், அபயம் என்பது கட்சி மாறியதற்குக் கொடுத்த கூலி ஆகாது. நாட்டைக் காட்டிக்கொடுத்ததால் அவன் கைக்கொள்ளப்பட்டான் என்னும் வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. அதே வேளையில், கைக்கொள்ளப்பட்டதாலேயே அவன் செய்தவை அனைத்தும் நீதி என்னும் வாதமும் நிற்காது. சரண்யனின் பெருமை வேறு. சரணாகதனின் செயலை எடைபோடுவது வேறு.

இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே பிற்காலச் சச்சரவின் வேர். பக்தர்கள் சிலர் முதல் விடையை இரண்டாம் கேள்விக்கும் விடையாக நீட்டினர். எதிர்ப்போர் இரண்டாம் கேள்வியிலுள்ள குறையைக் காட்டி முதல் விடையையும் மறுக்க முயன்றனர்.

பிள்ளை லோகாசார்யரின் ஸ்ரீவசன பூஷணம் இவ்விடத்தில் நுட்பமான ஒரு நிலையை எடுக்கிறது. ப்ரபத்திக்கு அதிகாரி நியமம் இல்லை என்று நிறுவுமிடத்தில் தர்மபுத்ரர், த்ரௌபதி, காகம், காளியன், கஜேந்த்ராழ்வான் ஆகியோரோடு விபீஷணாழ்வானையும் அவர் சேர்க்கிறார். அடுத்து அவரவர் பெற்ற பலத்தைக் கூறும்போது, தர்மபுத்ராதிகளுக்கு ராஜ்யத்தைப் பலமாகச் சொன்னவர், விபீஷணாழ்வானுக்கு ராமப்ராப்தியையே பலமாகச் சொல்லுகிறார். இலங்கை அரசு அவனுக்குக் கிடைத்தது என்பதை அறியாதவர் அல்லர் அவர். கிடைத்தது ஒன்று, பலம் மற்றொன்று என்பது அவர் திருவுள்ளம். இந்நூலாசிரியர்களுக்குப் போர் ஏட்டில் மட்டும் படித்த செய்தி அன்று. 1323 அளவில் டில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வெளியேறி, ஜ்யோதிஷ்குடியில் திருநாடலங்கரித்தவர் பிள்ளை லோகாசார்யர். பகைவர் கைக்கு எது போகக்கூடாது, எதைக் காக்க எதைவிட்டுப் புறப்பட வேண்டும் என்பதை உயிரைப் பணயம் வைத்து அறிந்தவரின் மரபு இது.

அப்படியாயின் இரண்டாம் கேள்விக்கு, அதாவது விபீஷணன் செய்தது தகுமா என்பதற்கு, விடை எங்கே கிடைக்கும்? அது அவன் நடந்துகொண்ட முறையிலும், அவன் இந்த்ரஜித்துக்குத் தானே உரைத்த மறுமொழியிலும் கிடைக்கிறது. நான்கு செய்திகள் இங்கு முக்கியமானவை.

ஒன்று, அவன் உள்ளே இருந்து பேசியிருக்கிறான். தூதனாக வந்த திருவடியைக் கொல்லலாகாது என்று ராவணன் அவையிலேயே தடுத்தவன் அவன். பிராட்டியைத் திருப்பிக் கொடுக்கும்படி அவன் வேண்டியதும் ராவணன் மறுத்ததும், அவன் மகள் வாயிலாகப் பிராட்டியின் செவிக்கே எட்டியிருந்தன. போர் தொடங்குமுன் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்து, வசை கேட்டு, வேறொருவன் இப்படிப் பேசியிருந்தால் இந்நேரம் உயிரோடிருக்க மாட்டான் என்று அண்ணன் சொன்ன பிறகே புறப்படுகிறான். இரண்டு, அவன் வெளிப்படையாகப் புறப்படுகிறான். உன்னையும் இந்நகரையும் அரக்கரையும் காத்துக்கொள், நலமாயிரு என்று வாழ்த்திவிட்டே போகிறான். அவையில் அமர்ந்துகொண்டு பகைவனுக்கு மறைவில் செய்தி அனுப்பியவன் அல்லன். மூன்று, வந்த இடத்தில் தன்னை மறைக்கவில்லை. தீய ஒழுக்கமுடைய ராவணன் தம்பி நான் என்பதையே முதலிற் சொல்லுகிறான். நான்கு, மனைவி மக்களை அண்ணனின் கைக்கெட்டும் ஊரிலேயே விட்டு வருகிறான்.

இந்த்ரஜித்துக்கு அவன் கூறிய மறுமொழி இவற்றை ஒரு நெறியாக்குகிறது. பிறர் பொருளைக் கவர்தல், பிறர் மனையைத் தீண்டல், நட்பினரை அளவின்றி ஐயுறுதல் ஆகிய மூன்றும் அழிவைத் தருவன. இவை உன் தந்தையிடம் குடிகொண்டன. அறத்தை விட்டு விலகியவனைக் கையில் ஏறிய பாம்பை உதறுவதுபோலவும், தீப்பற்றிய வீட்டைவிட்டு வெளியேறுவதுபோலவும் விட வேண்டும் என்பது அவன் வாதம். இவ்வாதத்தில் இலங்கை பகையாகச் சொல்லப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நகரும் குடிகளும் வேறு, அவற்றைத் தன் காமத்துக்குப் பணயமாக்கிய அரசன் வேறு என்ற பிரிவு அதனுள் அடங்கியிருக்கிறது. கும்பகர்ணன் மாண்டபின் ராவணனே, விபீஷணன் சொன்ன நன்மொழியைக் கேளாமையின் பயன் இது என்று புலம்புவதும் இதற்குச் சான்று.

இதற்கு எதிர்நிலையாகக் கும்பகர்ணன் நிற்கிறான். அண்ணன் செய்தது தவறு என்பதை அவனும் முகத்துக்கு நேரே சொன்னவன்; ஆயினும் உண்ட சோற்றின் கடனுக்காகப் போருக்குப் புறப்படுகிறான். கம்பநாட்டாழ்வார் இவ்விருவரையும் போர்க்களத்தில் நேருக்கு நேர் நிறுத்தி, ஒருவர் நிலையை மற்றொருவர் வாயால் இழிவுபடுத்தாமல் பாடியிருக்கிறார். தம்பி மீண்டு வந்துவிட்டான் என்று முதலில் எண்ணிய கும்பகர்ணன், நீயும் இங்கு மாண்டால் எங்களுக்கு எள்ளும் நீரும் இறைப்பவர் யார் என்றே கலங்குகிறான். தான் போக மறுக்கும் வழியில் தம்பி போனதை அவன் குலத்துக்கு எஞ்சிய நன்மையாகக் கொள்கிறான். இருவர் அறமும் ஒருவரையொருவர் பொய்யாக்குவதில்லை.

ஆனால் எல்லாம் சரியாயிற்று என்று நூல் நம்மைத் தேற்றிவிடவில்லை. இந்த்ரஜித்தை வீழ்த்தும் தறுவாயில் விபீஷணன், மகனை ஒத்தவனைத் தான் கொல்வது தகாது, பெருமாள் பொருட்டு இரக்கத்தை விட்டேன், ஆயினும் கொல்ல நினைக்கும்போது கண்ணீர் கண்ணை மறைக்கிறது என்று சொல்லி, அச்செயலை இளையபெருமாளிடம் விடுகிறான். ராவணன் வீழ்ந்தபின் உடல்மேல் விழுந்து அழுகிறான். பின் இறுதிக்கடன் செய்யத் தயங்குகிறான். பகை மரணத்தோடு முடிந்தது, இவன் உனக்கு எப்படியோ எனக்கும் அப்படியே என்று சொல்லிப் பெருமாளே அவனைக் கடனாற்ற வைக்கிறார். சரியான பக்கத்தில் நின்றவனுக்கும் இழப்பு இழப்பே. அதை உணராமல் பக்கம் மாறுபவன் விபீஷணனை மேற்கோள் காட்டத் தகுதியற்றவன்.

பிற்காலம் இக்கண்ணீரை மறந்து பழியை மட்டும் எடுத்துக்கொண்டது. 1861 இல் வெளிவந்த மைக்கேல் மதுசூதன தத்தரின் வங்கக் காவியமான மேகநாதவதம் இந்த்ரஜித்தின் குரலுக்குப் புதிய வலிமை தந்தது. 1946 இல் வெளியான புலவர் குழந்தையின் இராவண காவியம், 1948 இல் தடைசெய்யப்பட்டு 1971 இல் தடை நீங்கப்பெற்றது. தமிழில் அக்குரல் அதன் வழியே ஓங்கி ஒலித்தது. ஆனால் வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் காண வேண்டும். எந்த நாட்டைக் காட்டிக்கொடுத்தான் என்கிறார்களோ, அந்த இலங்கையிலேயே களனி விஹாரத்தில் விபீஷணனுக்குக் கோயில் உண்டு. சிங்கள பௌத்தர்கள் அவனைத் தீவின் காவல் தெய்வங்களுள் ஒருவனாகப் போற்றுகின்றனர். கோட்டே அரசின் காலமாகிய பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்ரீராகுல தேரர் இயற்றிய ஸெலலிஹினி ஸந்தேசம், அரசகுமாரிக்குப் பிள்ளைப்பேறு வேண்டிக் களனி விபீஷணனுக்கு அனுப்பிய தூதாக அமைந்தது. நாட்டுக்குத் துரோகி என்று ஒரு மேடை சொல்பவனை, அந்நாட்டார் தங்கள் காவலன் என்று வணங்கினர்.

நம் மரபும் அவனைத் தெற்கோடு சேர்த்தே நினைக்கிறது. முடிசூட்டு விழா முடிந்து அவன் குலதனம் பெற்று இலங்கைக்குத் திரும்பினான் என ஸ்ரீராமாயணம் கூறுவதை, ஸ்ரீரங்கவிமானத்தைப் பெற்றதாகவே பெரியோர் கொண்டனர். காவிரிக்கரையில் நின்றுவிட்ட அவ்விமானத்தில் பெரியபெருமாள் இன்றும் தென்திசை இலங்கையை நோக்கியே கண்வளருகிறார். விபீஷணனை ஏற்றுக்கொண்டவன் அவன் விட்டுவந்த நாட்டின்மேல் வைத்த பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. அரசனைத் துறந்ததால் நாட்டைத் துறந்தவன் ஆகான் என்னும் கருத்தை வ்யாக்யாதாக்கள் வாதமாக விரித்திராவிடினும், ஸந்நிதியின் திசை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.